கேட்டவரின் கடன்

அறிவு எங்கே பிறக்கின்றது என்னும் வினாவுக்கு மனித வரலாறு இரு விடைகளை வழங்கியுள்ளது. தனிமையிலே பிறக்கின்றது என்பது ஒன்று. கூட்டத்திலே பிறக்கின்றது என்பது மற்றொன்று. காட்டிலும் குகையிலும் ஒதுங்கியிருந்து உண்மையைக் கண்டவர்களின் வரலாறுகள் முதலாவது விடைக்குச் சான்றாகும். அவையேறி வாதிட்டு, மறுத்தும் மறுக்கப்பட்டும் உண்மையை அணுகியவர்களின் வரலாறுகள் இரண்டாவதற்குச் சான்றாகும். இவ்விரண்டையும் ஒன்றாக இணைக்க முயலும் வழக்கமொன்று நவீன விஞ்ஞான உலகிலே நிலைபெற்றுள்ளது. பலர் ஒன்றுகூடி ஒதுங்கியிருத்தல் என்பதே அது.

போட்டோனிக்ஸ் என வழங்கும் ஒளித்தொழினுட்பவியல் துறையிலே இவ்வழக்கம் சிறப்பாகக் காணப்படுகின்றது. ஒளியை உண்டாக்குதல், செலுத்துதல், கட்டுப்படுத்துதல், அளத்தல் என்பன இத்துறையின் பொருள். லேசர்க் கருவியும், கடலடியிலே கண்டத்துக்குக் கண்டம் செய்தி சுமக்கும் ஒளிநாரும் இத்துறையின் பேறுகள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலே இத்துறையிற் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்யும் மாணவர்களை ஆண்டுக்கொருமுறை, ஏறத்தாழ ஒரு வார காலத்துக்கு, ஆய்வுகூடத்திலிருந்தும் நகரத்திலிருந்தும் பிரித்து, மலைச்சாரலிலோ ஏரிக்கரையிலோ உள்ள ஒரு விடுதிக்கு அழைத்துச் செல்வர். காலையில் விரிவுரை, பிற்பகலில் நடை, மாலையில் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஆய்வைப் பிறர்முன் எடுத்துரைத்தல், இரவிலே ஒரே பந்தியில் உணவு. மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இஃது ஓர் உல்லாசப் பயணமாகவே தோன்றும். ஆயினும், இவ்வேழு நாட்களுக்குள் அடங்கியிருக்கும் அறவினா எளிதன்று.

அவ்வினாவை உணர்வதற்கு ஆய்வு மாணவர் ஒருவரின் வாழ்க்கையைச் சற்று நோக்குதல் வேண்டும். ஒளியை ஆராய்பவர் தம் நாட்களிற் பெரும்பகுதியை இருட்டறையிலே கழிக்கின்றார் என்பது ஒரு முரண்போலத் தோன்றினும் உண்மையே. அதிர்வு தாக்காத கனத்த மேசையின்மீது ஆடிகளையும் வில்லைகளையும் நிறுத்தி, ஒளிக்கற்றையை மயிரிழையும் பிசகாது நெறிப்படுத்துவதற்கே வாரங்கள் கழிந்துவிடும். எதிர்பார்த்த அளவீடு கிடையாதபொழுது, பிழை கருவியிலே உள்ளதா, கணிப்பிலே உள்ளதா, அன்றி அடிப்படைக் கருத்திலேயே உள்ளதா என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமையை வெளியிடவும் அஞ்சுவார். மேற்பார்வையாளருக்கு நேரமில்லை, அடுத்த மேசையில் இருப்பவருக்கோ தமது துயரமே போதும். இந்நிலையில் உள்ளவருக்கு விரிவுரையால் விளையும் பயன் சிறிதே. விரிவுரையின் பொருள் நூல்களிலும் உண்டு. அவருக்கு வேண்டுவது, "இவ்விடத்திலே நான் தடுமாறி நிற்கின்றேன்" என்று நாணமின்றிச் சொல்லத்தக்க ஓர் அவை. முடிந்த முடிபுகளைக் கூற மாநாடுகள் உள்ளன; ஆய்விதழ்களும் உள்ளன. முடிவுறாத எண்ணத்தைக் கூறுவதற்கு அத்தகைய இடங்கள் மிகச் சில. ஒதுங்கியிருக்கும் அந்த ஒரு வாரம் அத்தகைய இடமாக அமைகின்றது; அன்றேல் அமைதல் வேண்டும்.

ஆனால், முடிவுறாத எண்ணத்தைப் பிறர்முன் வைத்தல் அச்சத்துக்குரிய செயலாகும். பழுத்த கனியைக் களவாடுபவரைக் கண்டுபிடித்தல் எளிது. விதையை எடுத்துச் சென்று தம் நிலத்திலே நட்டவரைக் கண்டுபிடித்தல் அரிது. எனவே வினா இவ்வாறு எழுகின்றது: தன் எண்ணத்தை முழுமை பெறுமுன் பிறருக்குச் சொல்பவர் அறிவீனரா? அவ்வாறு சொல்லப்பட்டதைக் கேட்டவர் எத்தகைய கடனுக்கு உள்ளாகின்றார்? இவ்விரு வினாக்களுள் முதலாவதையே உலகம் பெரிதும் ஆராய்ந்துள்ளது. இரண்டாவதே இன்றியமையாதது.

ஒளியியலின் வரலாறே இதற்குத் தக்க உதாரணங்களைத் தருகின்றது. 1957ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கோர்டன் கூல்ட் என்பவர் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தார். மேசர் என்னும் நுண்ணலைக் கருவியை ஆக்கிப் புகழ்பெற்ற சார்ள்ஸ் டவுன்ஸ் அதே பல்கலைக்கழகத்திற் பேராசிரியர். மேசரின் தத்துவத்தைக் கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கும் விரிவாக்கலாமா என்பதே அக்காலத்தின் பெரும் வினா. அவ்வாண்டு ஒக்டோபரிலே, கூல்ட் தம் ஆய்விற் பயன்படுத்திய தாலியம் விளக்குப் பற்றி டவுன்ஸ் அவரிடம் வினவினார். இருவரும் உரையாடினர். அதன்பின் கூல்டின் உள்ளத்தைக் கவலை பற்றிக்கொண்டது. தாம் தனியே சிந்தித்துவந்த பொருளையே பேராசிரியரும் சிந்திக்கின்றார் என அவர் எண்ணினார். நவம்பரிலே, தம் எண்ணங்களையும் கணிப்புகளையும் குறிப்பேடொன்றில் எழுதி, சத்தியப்படுத்தும் அதிகாரம் பெற்றிருந்த ஒரு மிட்டாய்க் கடைக்காரரிடம் சென்று, அப்பக்கங்களிலே நாளும் ஒப்பமும் இடுவித்துக்கொண்டார். 'லேசர்' என்னும் சொல் அப்பக்கங்களிலே எழுதப்பட்டிருந்தது.

அதன் பின்னர் நிகழ்ந்தவை துயரமானவை. ஆக்கவுரிமை பெறுவதற்கு இயங்கும் கருவியொன்றைக் காட்டவேண்டும் எனத் தவறாக விளங்கிக்கொண்ட கூல்ட் விண்ணப்பிப்பதைத் தாமதித்தார். டவுன்சும் ஆதர் ஷாலோவும் சார்ந்த விண்ணப்பம் 1958இலே சமர்ப்பிக்கப்பட்டது. கூல்டின் விண்ணப்பம் 1959 ஏப்ரலிலேதான் சென்றது. கூல்ட் பட்டத்தை முடிக்காமலே பல்கலைக்கழகத்தை விட்டு, தனியார் நிறுவனமொன்றிலே சேர்ந்தார். அந்நிறுவனத்தின் லேசர் ஆய்வுக்கு இராணுவ நிதி கிடைத்தபொழுது அவ்வாய்வு இரகசியமாக்கப்பட்டது. இளமையில் மாக்சியக் குழுவொன்றோடு கொண்டிருந்த தொடர்பின் காரணமாக, தம் எண்ணத்திலிருந்தே பிறந்த ஆய்விலே பங்குகொள்ளும் அனுமதி அவருக்கு மறுக்கப்பட்டது. 1960 மே மாதத்திலே முதலாவது லேசரை இயக்கிக் காட்டியவர் இவர்களுள் எவருமல்லர்; கலிபோர்னியாவிலே பணியாற்றிய தியோடர் மைமன் என்பவரே. டவுன்ஸ், சோவியத் நாட்டின் பாசொவ், புறொக்கொரொவ் ஆகியோருடன் 1964இலே நோபல் பரிசைப் பெற்றார். கூல்டோ நீதிமன்றங்களிலும் ஆக்கவுரிமை அலுவலகத்திலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போராடியபின், 1977இலேயே லேசர் தொடர்பான முக்கிய உரிமையொன்றைப் பெற்றார்.

இவ்வரலாற்றிலே எவர் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தல் இங்கு நோக்கமன்று. டவுன்ஸ் தம் வழியிலே தாமாகவே அவ்வெண்ணத்தை வந்தடைந்தார் என்பதற்கும் சான்றுகள் உள. ஒரே வினா பல உள்ளங்களை வருத்தும் காலத்தில் ஒரே விடை பல உள்ளங்களிலே உதித்தல் இயல்பு. இங்கு நோக்கத்தக்கது வேறொன்று. ஓர் உரையாடலின்பின், பேசியவர் தம் எண்ணத்தைப் பாதுகாக்கக் கடைக்காரரின் ஒப்பத்தை நாடவேண்டியிருந்தது என்பதே அது. ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றிய பேராசிரியரும் மாணவரும், "இவ்வழியிலே நானும் செல்கின்றேன்; இதுவரை வந்துள்ளேன்" என ஒருவருக்கொருவர் வெளிப்படையாகக் கூறிக்கொள்வதற்குரிய அவையும் வேளையும் இல்லாதுபோயின. நம்பிக்கை இருக்கவேண்டிய இடத்தைச் சட்டம் நிரப்பிக்கொண்டது. சட்டம் நாளைக் கணிக்கும்; எவர் உள்ளத்திலிருந்து எவர் உள்ளத்துக்கு ஒளி பாய்ந்தது என்பதை அதனாற் கணிக்க இயலாது.

இதற்கு மாறான உதாரணமொன்றும் ஒளியின் வரலாற்றிலே உண்டு. 1924ஆம் ஆண்டிலே, இன்று வங்காளதேசத்தின் தலைநகராக விளங்கும் டாக்காவின் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிக்கொண்டிருந்தவர் சத்தியேந்திரநாத் போஸ். வயது முப்பது. ஒளியைத் துணிக்கைகளாகக் கொண்டு, அவற்றை எண்ணுதற்குப் புதிய முறையொன்றை வகுத்து, பிளாங்கின் கதிர்வீசல் விதியை நிறுவும் சிறு கட்டுரையொன்றை அவர் எழுதினார். அதனை, தாம் நேரிற் கண்டறியாத ஐன்ஸ்ரைனுக்கு அனுப்பினார். தகுதியுடையதெனக் கருதின் ஜேர்மன் மொழியிலே வெளிவர ஆவன செய்யுமாறு கடிதத்திலே வேண்டிக்கொண்டார். டாக்காவிலிருந்து வந்த அக்கடிதத்தை ஐன்ஸ்ரைன் ஒதுக்கிவிட்டிருக்கலாம். அதன் கருத்தை உள்வாங்கித் தம் பெயரிலே விரித்து எழுதியிருக்கலாம். ஐரோப்பாவில் எவரும் ஐயுற்றிருக்கமாட்டார். அவர் செய்ததோ வேறு. அக்கட்டுரையைத் தாமே ஜேர்மன் மொழியிலே பெயர்த்து, போஸின் பெயரிலேயே ஆய்விதழில் வெளிவரச் செய்தார். அது முக்கியமான முன்னேற்றம் என்றும், அதே முறையைத் தாம் வாயுவுக்குப் பொருத்திப் பிறிதோரிடத்தில் விளக்கப்போவதாகவும் குறிப்பெழுதிச் சேர்த்தார்.

இந்நிகழ்ச்சியிலே மூன்று கூறுகள் உற்றுநோக்கத்தக்கன. முதலாவது, ஐன்ஸ்ரைன் போஸின் எண்ணத்தைப் பயன்படுத்தாமல் விட்டுவிடவில்லை. அதன்மேல் எழுப்பிய ஆய்வினாலேயே அணுக்கள் தாழ்ந்த வெப்பநிலையில் ஒரே நிலைக்கு ஒடுங்கும் என்னும் முடிபை அடைந்தார். 1995இலே அது பரிசோதனையிலும் மெய்ப்பிக்கப்பட்டது. எனவே, கேட்டதைப் பயன்படுத்தல் குற்றமன்று. பெயரைக் கூறியபின் பயன்படுத்தினார் என்னும் ஒழுங்கே அறம். இரண்டாவது, தாம் செய்யப்போவதை அவர் மறைக்கவில்லை. மூன்றாவது, போஸ் அனுப்பிய இரண்டாவது கட்டுரையையும் அவர் மொழிபெயர்த்து வெளியிட்டார்; ஆயின் அதன் கருத்தைத் தாம் ஏற்கவில்லை என்பதையும் கூடவே எழுதினார். கேட்டவரின் கடன் புகழ்ந்துரைத்தல் அன்று என்பது இதனாற் பெறப்படும். ஏற்றதை ஏற்றதாகவும், மறுத்ததை மறுத்ததாகவும், சொன்னவரின் பெயர் அழியாது உரைத்தலே அக்கடன்.

போஸுக்கும் ஐன்ஸ்ரைனுக்கும் இடையே நிகழ்ந்தது இரு தனிமனிதரின் பண்பினால் விளைந்த நன்மை. அத்தகைய பண்பை எதிர்பார்த்தே ஒரு துறை இயங்க முடியுமா? நற்பண்புடையோர் எல்லாக் காலத்தும் எல்லா இடத்தும் வாய்ப்பதில்லை. ஆகவே, சாதாரண மனிதரும் நேர்மையாக நடந்துகொள்வதை எளிதாக்கும் அமைப்புகள் வேண்டப்படுகின்றன. ஒதுங்கியிருந்து கற்கும் வழக்கத்தின் உண்மையான நியாயம் இதுவே.

பிரான்சு நாட்டின் அல்ப்ஸ் மலையிலே, மொன் பிளாங் சிகரத்தின் அடிவாரத்தில், லேஸ் ஊஷ் என்னும் சிற்றூர் உள்ளது. 1951இலே அங்கே பௌதிகவியலுக்கான கோடைப் பள்ளியொன்றைத் தொடங்கியவர் செசில் மொரெட் என்னும் இளம் பெண்மணி. 1944 ஜூன் 6ஆந் திகதி, நேசநாட்டுப் படைகள் நோமண்டியிற் கரையிறங்கிய அன்று, கான் நகரின்மீது விழுந்த குண்டுகளினால் தாயையும் சகோதரியையும் பாட்டியையும் இழந்தவர் அவர். போருக்குப்பின் பிரான்சின் பௌதிகக் கல்வி தளர்வுற்றிருந்தது. அமெரிக்கரான பிறைஸ் டிவிட்டை மணந்து வேற்று நாட்டில் வாழப்போகும் தாம், தாய்நாட்டுக்குத் திருப்பிச் செலுத்தவேண்டிய கடனாக அப்பள்ளியை அவர் கருதினார். ஆசிரியரும் மாணவரும் எளிய மலைவீடுகளிலே எட்டு வாரங்கள் ஒருங்கு வாழ்ந்து, ஒரே மேசையில் உண்டு, ஒரே பாதையில் நடந்து கற்றனர். பிற்காலத்திலே அங்கு ஓரிரு வாரக் கூட்டங்களும் நடைபெறலாயின. இன்று பல நாடுகளிலும் காணப்படும் ஒருவார ஒதுக்கங்கள் இத்தகைய மரபிலே வந்தவை எனலாம்.

1955இலே அங்கு மாணவராக வந்திருந்தவர் குளோட் கோஹன்-தனூஜி. 1964இலே அப்பள்ளி ஒளியைப் பற்றிய குவாண்டக் கொள்கையைப் பொருளாகக் கொண்டபொழுது, றோய் கிளவுபர், வில்லிஸ் லாம், நிக்கொலாஸ் புளூம்பேர்கன் முதலியோர் விரிவுரையாற்றினர். அவ்விரிவுரைகளை நூலாகத் தொகுத்தவர்களுள் கோஹன்-தனூஜியும் ஒருவர். லேசர் பிறந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அத்துறையின் அடிப்படைகள் அப்பொழுதே எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. கிளவுபர் 2005இலும், கோஹன்-தனூஜி 1997இலும் நோபல் பரிசு பெற்றனர். மலையிலே கேட்டவர் பின்னர் மலையிலே பிறர் கூறியதைத் தொகுத்து உலகுக்கு அளித்தார் என்பது இங்குப் பரிசுகளிலும் பெரிதாக மதிக்கத்தக்கது. கடனுக்கு உள்ளானவர் அதனைத் தீர்த்த விதம் அது.

ஒன்றாக வாழ்தலுக்கும் நேர்மைக்கும் என்ன தொடர்பு என வினவலாம். பதினைந்து நிமிடம் பேசிப் பிரியும் மாநாட்டிலே சொன்னவரின் முகம் கேட்டவரின் நினைவில் நிலைப்பதில்லை. எண்ணம் மட்டுமே எஞ்சுகின்றது. முகமற்ற எண்ணத்தை எடுத்துக்கொள்ள மனம் கூசுவதில்லை. ஒருவாரம் ஒரே பந்தியில் உண்டவருடைய எண்ணமோ அவருடைய குரலோடும் தயக்கத்தோடும் சேர்ந்தே நினைவில் நிற்கும். களவெடுத்தவருக்கு மறதி உதவுவது போல் வேறெதுவும் உதவுவதில்லை. ஒருங்கு வாழ்தல் அம்மறதியை அரிதாக்குகின்றது. மேலும், அறியாமையைப் பலர் ஒப்புக்கொள்ளும் அவையிலே எவரும் தனித்து இழிவடைவதில்லை.

எனினும், அமைப்பு மட்டுமே அறத்தை உண்டாக்கிவிடாது. அத்தகைய கூட்டத்திலே அமர்ந்திருப்பவர் மேற்கொள்ளவேண்டிய கடமைகள் மூன்று. சொன்னவரின் பெயரை, அவர் இல்லாத இடத்திலும் கூறுதல் ஒன்று. எண்ணத்தைத் தாம் பயன்படுத்த விரும்பின் முன்னரே அறிவித்தல் மற்றொன்று. தாமும் அதே வழியிலே சென்றுகொண்டிருப்பின், கேட்கும் அவ்வேளையிலேயே அதனை வெளிப்படுத்தல் மூன்றாவது. இம்மூன்றாவதே கடினமானது. பிறர் தம் எண்ணத்தை விரித்துரைக்கையில், அதே எண்ணத்தை மடியிலே மறைத்துக்கொண்டு தலையசைத்து இருப்பவர் எதனையும் எடுத்துக்கொள்ளவில்லை எனத் தம்மைத் தேற்றிக்கொள்ளலாம். ஆயினும், பிறர் கையில் உள்ள சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே ஆடுபவரின் நிலை அது. மௌனமும் ஒருவகைப் பொய்யாதல் இங்கேதான்.

எண்ணங்கள் எவருக்கும் சொந்தமல்ல, அறிவு மனித குலத்தின் பொதுச்சொத்து என்று மறுப்போர் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால், அதனை யார் கூறுகின்றார் என்பதையும் நோக்குதல் வேண்டும். புகழும் பதவியும் பெற்றுவிட்ட பேராசிரியருக்கு நூறு எண்ணங்களுள் ஒன்று போனாலும் இழப்பில்லை. ஆய்வு மாணவருக்கோ அந்த ஒன்றே பட்டம், அதுவே தொழில், அதுவே பிற்கால வாழ்வு. அறிவைப் பொதுவாக்குதல் வேறு. அறிந்தவரின் பெயரை அழித்தல் வேறு. சமமற்றவர் கூடும் அவையிலே கடனும் சமமாக அமையாது. எவருக்கு அதிகாரம் மிகுதியோ அவருக்கே கடனும் மிகுதி. மாணவர் தம் எண்ணத்தைக் காக்கக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று அறிவுரை கூறுவதிலும், ஆசிரியர் கேட்கக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று வற்புறுத்துதல் நியாயமானது.

பிறிதொரு மறுப்பும் உண்டு. தொழில் நிறுவனங்களின் நிதியாலும் பாதுகாப்புத் துறையின் நிதியாலும் ஆராய்பவர்கள் வாய்திறக்க இயலாதவர்கள். அவர்கள் என் செய்வது என்பது அது. தம்மால் எதனைக் கூற முடியாது என்பதையாவது அவர்கள் முதல் நாளிலேயே கூறிவிடலாம். கொடுக்க இயலாதவர் எடுக்கும் அளவையும் சுருக்கிக்கொள்ளுதல் முறை. அவ்வாறன்றி, வாயை மூடிச் செவியை மட்டும் திறந்து ஏழு நாட்களும் அமர்ந்திருப்பவர் விருந்தினர் ஆகார்.

ஒதுக்கத்துக்கே உரிய ஆபத்தும் ஒன்று உண்டு. லேசரினுள் ஓர் ஒளித்துணிக்கை கடந்து செல்கையில், தூண்டப்பட்ட அணு அதே திசையில், அதே அலைநீளத்தில், அதே கட்டத்தில் மற்றொன்றைக் காலுகின்றது. 1917இலே ஐன்ஸ்ரைன் விளக்கிய இவ்வியல்பு ஒளிக்குப் பெருமை சேர்க்கும், மனிதருக்குச் சேர்க்காது. ஒரே விடுதியிலே ஒரே ஆசிரியரைச் சூழ்ந்திருப்போர் ஒரே குரலிற் பேசத் தொடங்கின், அங்கே அறிவு வளர்வதில்லை, எதிரொலியே வளர்கின்றது. அன்றியும், அழைக்கப்பட்டவருக்கு உள்ளே கிடைக்கும் நம்பிக்கை, அழைக்கப்படாதவருக்கு வெளியே அடைபட்ட கதவாகும். டாக்காவிலிருந்து வந்த கடிதத்தை எழுதியவர் எந்த மலைவிடுதிக்கும் அழைக்கப்பட்டவரல்லர். உள்ளே இருப்போரிடம் மட்டும் நேர்மையாக நடந்து, வெளியிலிருந்து வரும் குரலைப் புறக்கணிக்கும் கூட்டம் அறவோர் கூட்டம் ஆகாது. அது வெறும் குழாம்.

திருக்குறளின் வைப்புமுறையிலே கல்விக்கும் அறிவுடைமைக்கும் இடையே கேள்வி ஓர் அதிகாரமாக நிற்கின்றது. அது நாற்பத்திரண்டாவது அதிகாரம். அடுத்ததாக வருவது அறிவுடைமை. கற்றல் மட்டும் ஒருவரை அறிவுடையவர் ஆக்கிவிடாது, இடையிலே கேட்டல் நிகழ்தல் வேண்டும் என்பதற்கு இவ்வொழுங்கே போதிய குறிப்பாகும். கேட்டலை ஊதியமாக மட்டும் எண்ணிப் பழகிய நவீன கல்வி, அதனைக் கடனாகவும் எண்ணக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். பொதுமக்களின் பணத்திலே ஒரு வாரம் மலையில் ஒதுங்கியிருக்கும் உரிமை இளம் ஆய்வாளருக்கு உண்டா என்று வினவுவோருக்கும் விடை இதுவே: ஒருவர் தம் எண்ணத்தைக் காப்பதற்குக் கடைக்காரரின் ஒப்பத்தை நாடவேண்டாத நிலையை அவ்வாரம் உண்டாக்குமாயின், அது வீண்செலவன்று. முடிவுறாத எண்ணத்தை அச்சமின்றிச் சொல்லும் துணிவு சொல்பவரிடத்தில் மட்டும் பிறப்பதில்லை. கேட்டவர் ஒவ்வொருவரும் தம் கடனை ஒழுங்காகத் தீர்த்துவரும் இடத்திலேயே அது பிறக்கின்றது.